சிவப்பு போன பிறகும்

சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக என் வலது கண்தான் சம்பாதிக்கிறது. இடது கண் துணைக்கு வருகிற ஆள், அவ்வளவுதான். பார்ட்டி ஒரு துணித் துண்டைக் கொடுத்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். மெஷினிலிருந்து இறங்குகிற துணி அந்தத் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்ப்பேன். ஒத்துப்போனால் லாட் கார்டில் கையெழுத்துப் போடுவேன், லாரி கிளம்பும். ஒத்துப்போகாவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் பேனாவைத் தொட மாட்டேன். இந்த வேலைக்கு ஷேடு பார்ப்பது என்று பெயர். எனக்கு ஷேடு அக்கா என்று பெயர்.

பட்டறையில் எனக்குத் திமிர் என்று பேச்சு உண்டு. பேச்சென்ன, திமிரே உண்டு. ஆறு சாம்பல் நிறத் துண்டுகளை வரிசையாக வைத்தால் மற்றவர்களுக்கு ஆறும் சாம்பல். எனக்கு ஒன்றில் பச்சை தட்டும், இன்னொன்றில் சிவப்பு ஒளிந்துகொண்டிருக்கும், மூன்றாவது அழுக்குத் தண்ணீரில் ஊறியதைப் போல மங்கிக் கிடக்கும். இப்படி ஒரு கண் வாய்த்தவளுக்குத் திமிர் வராமல் பணிவா வரும்? அந்தத் திமிர்தான் என்னைக் குழியில் தள்ளியது. எப்படி என்று சொல்கிறேன்.

சாயப் பொடி எடை போடுகிற அறையில் ஒருநாள் காலை என் வலது கண்ணில் ஏதோ விழுந்தது. பொடியா பஞ்சா என்று தெரியாது. அந்த அறைக்குள் போகும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. என் கண்ணாடி மேஜை டிராயருக்குள் கீறல் விழாமல் பத்திரமாக இருந்தது. கையுறை போட்ட புறங்கையால் கண்ணைக் கசக்கினேன். எடை போடுகிறவரை எல்லோரும் தராசு என்போம். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். இந்த உறவுக் கணக்கு எங்கள் பட்டறையில் மட்டும்தான் செல்லும்.

“கசக்காதீங்க அக்கா, தண்ணி விட்டுக் கழுவுங்க” என்றார் தராசு.

“உங்க முள்ளு ஆடுது, அதைப் பாருங்கண்ணே” என்றேன்.

மூன்றாம் நாள் கண் பழுத்த மிளகாயாகச் சிவந்துவிட்டது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் என்னை அதே வேனில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கொண்டுபோனார்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை இருக்காது. அவர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் காகிதப் பட்டையை எடுத்து என் கீழ் இமைக்குள் தொட்டார். என் முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி நீல விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

“என்ன டாக்டர் பண்றீங்க?”

“சாயம் போட்டுப் பார்க்கிறேன். கருவிழியில எங்க புண்ணு இருக்கோ அங்க மட்டும் இது பிடிக்கும். பச்சையா மின்னும்.”

“எனக்கே சாயமா?” என்றேன். என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டு டாக்டரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

கருவிழி ஓரத்தில் சின்னப் புண், அதில் கிருமி இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை விட வேண்டும், இரண்டு நாளில் வந்து காட்ட வேண்டும். நானும் ஒழுங்காகத்தான் விட்டேன். வலி என்றால் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள். இரண்டாம் தடவை போனபோது பரவாயில்லை என்றார். மூன்றாம் தடவை போனபோது இன்னொரு பாட்டில் சேர்ந்தது.

“கிருமி அடங்கிட்டு வருது. ஆனா உள்ள அழற்சி இருக்கு, வீக்கம் இருக்கு. அப்படியே விட்டா தழும்பு பெரிசா விழும். அதுக்குத்தான் இந்த ஸ்டீராய்டு சொட்டு. இதை நல்லாக் குலுக்கிட்டு விடணும். ரெண்டு மருந்தும் நாளைக்கு நாலு தடவை. முதல்ல ஒண்ணு, பத்து நிமிஷம் கழிச்சு அடுத்தது. நான் சொல்லாம எதையும் நிறுத்தாதீங்க. அஞ்சாம் நாள் கட்டாயம் வரணும். இந்த ரெண்டாவது மருந்தை நான் பார்த்துக்கிட்டே இருந்துதான் குடுக்கணும்.”

தலையைத் தலையை ஆட்டினேன். மனசெல்லாம் பட்டறையில் இருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் சீருடைக்கு நாலாயிரம் மீட்டர் சாம்பல் நிறத் துணி வந்திருந்தது. சாம்பல்தான் இருப்பதிலேயே வம்பு பிடித்த நிறம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன்.

பத்து நிமிஷம் காத்திருப்பதுதான் என்னை உறுத்தியது. நாளைக்கு நாலு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம். எங்கள் லேபில் நாள் முழுக்க என்ன செய்கிறோம்? மஞ்சளில் இவ்வளவு, நீலத்தில் இவ்வளவு, சிவப்பில் ஒரு துளி என்று அளந்து ஒரே குவளையில் கலந்து ஒரே மூச்சில் மெஷினில் விடுகிறோம். மஞ்சளை விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம்? சொட்டுக் குழாய் வைத்த கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தேன். வெந்நீரில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, காயவைத்தேன். இரண்டு பாட்டிலையும் அதில் சரிபாதி பிழிந்தேன். நாலு ஆட்டு ஆட்டினேன். ‘கண்’ என்று எழுதி ஒட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால்.

நாலாம் நாள் கழுவுமிடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு போன இடம் தெரியவில்லை. கண் வெளுத்த துணியாக இருந்தது. துணி ஷேடுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் நாங்கள் ஒரு சொட்டுச் சாயம் விடுவதில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு அடுத்த லாட்டை ஏற்றுவோம். என் கண்ணும் ஷேடுக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். குப்பியைக் கைப்பையில் போட்டதோடு சரி.

மறுநாள் என் வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “இன்னைக்கு டாக்டர்கிட்ட போகணும்ல?”

“கண்ணைப் பாருங்க. இதைவிட வெள்ளை வேணும்னா நான் பட்டறையிலதான் போட்டு எடுக்கணும்.”

“நீயே டாக்டர், நீயே நோயாளி” என்று முணுமுணுத்துவிட்டு அவர் வேனை எடுத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் அவர் பதினெட்டு வருஷமாக நாலாவது காலைத் தேடிக் களைத்தவர்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. எட்டாம் நாள் காலை, ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டியைப் போட்டேன். வலது கண்ணுக்குள் ஊசியை விட்டுத் திருகியது மாதிரி இருந்தது. தண்ணீர் கொட்டியது. கண்ணைத் துடைத்துவிட்டுச் சாம்பல் துண்டைப் பார்த்தேன். துண்டு இருக்கிற இடத்தில் நீராவி இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். துண்டும் தெரியவில்லை, துண்டைப் பிடித்திருந்த என் விரலும் சரியாகத் தெரியவில்லை. கழுவுமிடத்துக்கு ஓடிப் போய் இடது கண்ணால் வலது கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. நான் சத்தம் போட்டேனாம், தராசு ஓடிவந்தாராம். எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை.

டாக்டர் அன்றும் சாயம் போட்டுத்தான் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். “மருந்தெல்லாம் ஒழுங்கா விட்டீங்களா?”

பொய் வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் போய்விட்டது. கலந்ததைச் சொன்னேன். நிறுத்தியதைச் சொன்னேன். டாக்டர் குப்பியைக் கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது.

“இதுல எது எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரெண்டு மருந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனா ரெண்டும் வேலை செய்யுமான்னே சொல்ல முடியாது. குப்பியை நீங்க எவ்வளவு கழுவினாலும் அது கண் மருந்து ஊத்துற அளவுக்குச் சுத்தமாகாது.”

“ஆனா சிவப்பு போச்சே டாக்டர்? நான் பார்த்தேனே. நிறத்துல நான் தப்பவே மாட்டேன்.”

“நிறத்துல நீங்க தப்பலை. நாய் குரைக்கிறது நின்னுச்சுன்னா திருடன் போயிட்டான்னு அர்த்தமா? ஸ்டீராய்டு நாயைத் தூங்க வச்சிடுச்சு. சிவப்பு அடங்கினது அதனால. திருடனைப் பிடிக்கிற மருந்து அரைகுறையாப் போச்சு, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அவன் உள்ளேயே இருந்து சாவகாசமா வேலை பார்த்திருக்கான்.”

அவர் அப்போதும் மெதுவாகத்தான் பேசினார். அன்று எனக்குப் பொறுமை இருந்தது.

“பார்வை போயிடுமா?”

“ஓரத்துல இருந்த புண்ணு நடுவுக்கு நகர்ந்திருக்கு. கண்மணிக்கு இன்னும் கடுகளவு தூரம்தான் பாக்கி. அங்க வந்துட்டா தழும்பு நேர்ப் பார்வையில விழும். கண்ணாடி போட்டாலும் தீராது.”

“வராம இருக்க என்ன செய்யணும்?”

“நான் சொல்ற மருந்து, சொல்ற நேரத்துக்கு, சொல்ற வரைக்கும்.”

புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, என்ன கிருமி என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னார். கிருமிக்கு இரண்டு மருந்து எழுதினார். இரண்டும் மணிக்கொரு தடவை, நடுவில் பத்து நிமிஷ இடைவெளி, முதல் இரண்டு நாள் ராத்திரியும் விட வேண்டும். வலி கூடினாலோ பார்வை இன்னும் மங்கினாலோ நாள் பார்க்காமல் உடனே வரச் சொன்னார். வேனில் வந்து உட்கார்ந்தேன். பயந்தேன், அப்படி ஒரு பயம் அதுவரை எனக்கு வந்ததில்லை. கல்யாண நாளிலும் சரி, பட்டறையில் தீப்பிடித்த நாளிலும் சரி. இந்தக் கண் போனால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

“கண் கெட்ட பிறகு...” என்று என் வீட்டுக்காரர் பழமொழியை ஆரம்பித்தார்.

“முடிச்சீங்கன்னா வேன்லேர்ந்து குதிச்சிடுவேன்” என்றேன். “இன்னும் கெடலை. கெட விடமாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குப்பியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு அதைக் குப்பையில் போட்டேன். அடுத்து என் பையிலிருந்து வெற்று லாட் கார்டு ஒன்றை எடுத்தேன். பட்டறையில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கார்டு. எந்த நிமிஷம் எது விடப்பட்டது, விட்டவர் யார், சரிபார்த்தவர் யார் என்று வரி வரியாக எழுத வேண்டும். துணியின் பெயர் எழுதுகிற இடத்தில் ‘வலது கண்’ என்று எழுதினேன். விட்டவர் என்ற கட்டத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. பாட்டில்கள் மேல் திறந்த தேதியை எழுதினேன். பள்ளி வேனுக்கு நாலு நாள் வேறு டிரைவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது, இரண்டாவது கன்னத்தில்.

“வேனை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி வர்றீங்க. நேரா வாங்க.”

“நீ இமைக்கிறியே!”

“மருந்து வருதுன்னா இமைக்காம வரவேற்பு மாலையா போடுவாங்க?”

“சரி, மேல பாரு. மோட்டுவளையில உன் முதலாளி மூஞ்சி இருக்குன்னு நெனச்சு முறைச்சுப் பாரு.”

முறைத்தேன். அவர் ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி பிடித்துக்கொண்டு, பாட்டில் முனை இமையிலோ மயிரிலோ படாமல் ஒரு சொட்டை உள்ளே விட்டார். கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தேன். அப்படி அழுத்தாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய் நாக்கெல்லாம் கசக்கும். முதல் நாள் அப்படித்தான் கசந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவிக் கழுவி விரல்கள் சுருங்கிப்போயின. “இப்பதாங்க உங்க கை வெளுத்திருக்கு, பதினெட்டு வருஷம் கழிச்சு” என்றேன். அவர் சிரிக்கவில்லை, கார்டில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நொடியைக்கூட நான் திருடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தராசு வந்தார். கையில் ஒரு கவர் இருந்தது.

“முதலாளி குடுத்து விட்டாருக்கா. புது லாட் சாம்பிள். ஒத்தைக் கண்ணால பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுடச் சொன்னார். இல்லாட்டி மெஷின் வச்சு ஷேடு பார்க்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருவேன்னு சொல்றாரு. அவரு வந்துட்டா...” தராசு கவரை நீட்டினார்.

கவரைக் கையில் வாங்கினேன். பிரிக்க விரல் துடித்தது. வெளிச்சம் பட்டாலே கண் எரிந்து, ஜன்னலையெல்லாம் போர்வை போட்டு மறைத்திருந்தோம். அந்த இருட்டில் பார்த்து நான் சொல்வது ஷேடாக இருக்காது, ஜோசியமாக இருக்கும். கவரைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன்.

“கூட்டிட்டு வரட்டும்ணே. போற வேலை போகட்டும். கண்ணு போனா அப்புறம் எந்த வேலையும் என்னுது இல்ல.”

தராசு எழுந்திருக்காமல் நெளிந்தார். அப்போதுதான் அவர் கண்ணும் சிவந்திருந்ததைக் கவனித்தேன். “எனக்கும் ரெண்டு நாளா உறுத்துது. உங்ககிட்ட ரெண்டு பாட்டில் இருக்கே, அதுல ஒரே ஒரு சொட்டு...”

“அண்ணே, என் புருஷனைக் கேளுங்க, யோசிச்சாவது குடுப்பேன். இதைக் குடுக்க மாட்டேன். என் கண்ணுக்கு என்ன கிருமின்னு பார்த்து எழுதினது இது. உங்களுக்கு என்னன்னு யாருக்குத் தெரியும்? உங்க இமையில பட்ட முனை திரும்ப என் கண்ணுக்கு வரணுமா? போய் டாக்டரைப் பாருங்க.”

“நல்லாச் சொன்னா” என்றார் என் வீட்டுக்காரர். “என்னைக் கேட்டா யோசிச்சுக் குடுத்துடுவாளாம்.” சொல்லிவிட்டுத் தராசைத் தானே டாக்டரிடம் அழைத்துப் போனார், அடுத்த சொட்டுக்கு முன்னால் திரும்பியும் வந்துவிட்டார். தராசுக்குக் கிருமியே இல்லை, வெறும் ஒவ்வாமைதான், மருந்தே வேறு.

அந்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டில் ஒரு மருந்தை மாற்றினார்கள். புண் நகர்வது நின்றது. நாளுக்கு நாள் ஓரத்திலிருந்து சுருங்கியது. மணிக்கொரு தடவை என்பது இரண்டு மணிக்கொரு தடவையானது. கார்டு தீர்ந்து இன்னொரு கார்டு எடுத்தேன். பட்டறையிலிருந்து வந்த சேதி நல்லதாக இல்லை. மெஷின் ஆள் வந்துவிட்டார், என் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். அதைக் கேட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. சொட்டு மட்டும் நேரம் தவறாமல் இறங்கியது.

மூன்றாவது வாரம் டாக்டர் மறுபடி ஸ்டீராய்டு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இதுதானே டாக்டர் என்னைக் கெடுத்துச்சு?”

“மருந்து மேல பழி போடாதீங்க. இப்ப கிருமி ஓய்ஞ்சிருக்கு, அதைப் பரிசோதிச்சுப் பார்த்துட்டேன். அழற்சியை அடக்கினாத்தான் தழும்பு மெலிசாகும். இந்த வாரம் நாலு தடவை, அடுத்த வாரம் மூணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. திடீர்னு நிறுத்தினா எல்லாம் திரும்பி வரும். நடுவுல வாரா வாரம் வரணும், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுதான்னு பார்க்கணும். கண்ணு வெளுத்துடும், அதைப் பார்த்து ஏமாறாதீங்க.”

“அரைக் கிணறு ஒரு தடவை தாண்டிப் பார்த்தாச்சு டாக்டர்” என்றேன். “இனிமே முழுசாத்தான்.”

சொன்னது போலவே நாலே நாளில் கண் வெளுத்தது. பழைய வெள்ளைதான், பொய் சொன்ன அதே வெள்ளை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்த நிறத்தை நான் நம்பாமல் இருந்ததில்லை. இப்போது பார்த்துவிட்டு, நம்பாமல், பாட்டிலைக் குலுக்கினேன். முதல் சில நாள் அது என்னை நானே ஏசிக்கொள்வதுபோல இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

மூன்று தடவை என்று குறைந்த வாரத்தில் டாக்டர் என் இடது கண்ணை மறைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். முதலில் மேல் வரிப் பெரிய எழுத்தே தெரியாமல் தடவியவள், அன்று ஆறாவது வரி வரைக்கும் படித்தேன். கொஞ்சம் கசங்கித் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. தழும்பு கண்மணியைத் தொடாமல் ஓரத்தில் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், பொடி அறைப் பக்கம் போகக் கூடாது என்றார்.

“நிறம் டாக்டர்? பழைய மாதிரி நிறம் தெரியுமா?”

“எழுத்து எவ்வளவு தெரியுதுன்னு நான் சொல்லலாம். நீங்க பார்க்கிற அளவுக்கு நிறம் பார்க்க என்கிட்ட பலகை இல்ல. அது தெரியுமான்னு நீங்கதான் சொல்லணும்.”

எழுந்து வந்தேன். அன்று சாயங்காலமே முதலாளி போன் செய்தார். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், காரியம் ஆக வேண்டியபோது குரலில் தேன் வடியும்.

“அக்கா, கண்ணு வெளுத்துடுச்சாமே? நாளைக்கு வந்துடுங்கக்கா.”

மெஷின் ஆள் பார்த்து அனுப்பிய சாம்பல் துணியில் ஆயிரம் மீட்டர் திரும்பி வந்திருந்தது. அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் நான் போனபோது, புதிதாகச் சாயம் ஏற்றிய இரண்டு லாட்டுகளிலிருந்து ஒவ்வொரு துண்டு வெட்டி வடக்கு ஜன்னலருகே வைத்திருந்தார்கள். பார்ட்டியின் மூலத் துண்டு நடுவில் இருந்தது. முதலாளி நின்றார், தராசு நின்றார், வெளியே லாரி நின்றது, லாரிக்காரர் வாசலில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இடப்பக்கத் துண்டு சரி, வலப்பக்கத்தில் சிவப்பு ஒரு மயிரிழை கூடுதல். அது எந்தக் கண் சொன்னது? துணைக்கு வருகிற இடது கண் சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். வலது கண்ணுக்கு முதலில் எல்லாம் கலங்கலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கலங்கல் ஓரத்துக்கு ஒதுங்கியது. சாம்பல் வந்தது. பக்கத்தில் இன்னொரு சாம்பல் வந்தது. அதற்குள் மெல்ல, கூச்சப்பட்டுக்கொண்டு, சிவப்பு வந்தது.

“அண்ணே, என் முதுகுக்குப் பின்னால வச்சு மாத்துங்க” என்றேன். திரும்பி நின்றேன். தராசு மாற்றி வைத்தார். வலது கண்ணால் மட்டும் பார்த்துச் சிவப்பு இருக்கிற துண்டைத் தொட்டேன். சரி என்றார். மறுபடி மாற்றினார். மறுபடி தொட்டேன். ஏழு தடவை மாற்றினார், ஏழு தடவையும் அதே துண்டின் மேல் என் விரல் போய் நின்றது.

மணி இரண்டு. மருந்து நேரத்துக்கு வைத்திருந்த அலாரம் என் போனில் அலறியது.

“முதல்ல கையெழுத்தைப் போட்டுடுங்கக்கா, லாரி காத்துக்கிட்டு இருக்கு” என்றார் முதலாளி. “கண்ணுதான் நல்லா வெளுத்திருக்கே. ரெண்டு செகண்டு.”

“மருந்து விட்டுட்டுத்தான்.”

“அக்கா...”

“லாரிக்கு டீ வாங்கிக் குடுங்க முதலாளி.”

கை கழுவினேன். பாட்டிலைக் குலுக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து, மேலே பார்த்து, கீழ் இமையை இழுத்து, என் கையாலேயே ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடி மூலையை அழுத்திக்கொண்டேன். பட்டறை முழுக்க மெஷின் சத்தம். மூடிய கண்ணுக்குள் அந்தச் சிவப்பு இன்னும் இருந்தது. தெரிகிறது, என் கண்ணுக்குத் தெரிகிறது என்று அப்போதுதான் நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் விட்ட மருந்தெல்லாம் கண்ணீரோடு போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்கினேன்.

“ஆச்சாக்கா?” முதலாளியின் குரல்.

“இன்னும் மூணு நிமிஷம்” என்றேன் பல்லுக்கிடையில். தராசு பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிஷமாகச் சொன்னார். ஐந்து என்றதும் கையை எடுத்துவிட்டு, முதலாளி, தராசு, லாரிக்காரர் எல்லோருக்கும் முன்னாலேயே, வாய்விட்டு அழுதேன்.